கறுப்பின ஐடி நண்பர்களின் கூட்டங்களுக்குப் போனவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஃபில்லிக்காரன்

அமெரிக்காவில் ஐடி வேலையில் இருக்கும் கறுப்பினத்தவர்களின் சங்கமான பிடிபிஏ பற்றிய பேச்சு நம் அமெரிக்கத் தமிழர் குழுவில் அடிபட்டதிலிருந்து எழுத வேண்டும் என்று இருந்தேன். அவர்கள் கூட்டத்துக்கு என் டீம் லீட் கூப்பிட்டுத்தான் போனேன். சனிக்கிழமை காலை, நூலகத்தின் கீழ்த்தளம், முப்பது பேர் இருப்பார்கள். ஒவ்வொருவரும் பெயரோடு, முதல் வேலை யார் மூலமாகக் கிடைத்தது என்றும் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் பேசிய அம்மா மெயின்ஃபிரேம் என்னும் பெரிய கம்ப்யூட்டரில், கோபோல் என்ற பழைய மொழியில் புரோகிராம் எழுதி ஓய்வு பெற்றவர். "யார் மூலமாகவும் இல்லை. பேப்பரில் விளம்பரம் பார்த்து நானே போய் நின்றேன். ராத்திரி ஷிஃப்டில் டேப் மாட்டும் வேலை கொடுத்தார்கள்" என்றார்.

என் முறை வந்தது. முதல் வேலைக்குக் காலேஜ் சீனியர் ரெஸ்யூமை அனுப்பி வைத்தார், அடுத்தது ரூம்மேட்டின் அண்ணன், பிறகு எங்கள் ஊர்க்காரர் ஒருவர், இப்போது இருக்கும் வேலை பழைய மேனேஜர் மூலம் என்று சொல்லிக்கொண்டே போனேன். நிமிர்ந்து பார்த்தால், அந்த அம்மா ஒவ்வொரு விரலாக மடக்கி எண்ணிக்கொண்டிருக்கிறார். நாலு விரல் மடங்கியிருந்தது. "உனக்கு நாலு பேர். எங்களுக்கு அந்த நாலு பேரை உண்டாக்கத்தான் இந்த அறை" என்றார். குரலில் கோபமே இல்லை.

"எதுக்கும் நாலு பேர் வேணும்டா" என்று என் அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தாள். அந்த நாலு பேரும் இல்லாமல் ஒருவர் முப்பது வருஷம் வேலை பார்த்திருப்பார் என்று அன்றுவரை நான் யோசித்ததே இல்லை. அந்த மடக்கிய விரல்கள் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன.

கிளீவ்லாந்து வாசி

பிடிபிஏ நடத்தும் ஹைஸ்கூல் கம்ப்யூட்டர் போட்டிக்கு மாணவர்களைத் தயார் செய்யும் வகுப்பில் நான் எஸ்கியூஎல், அதாவது டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழி, சொல்லிக் கொடுத்தேன். 1986ல் வாஷிங்டனில் ஜெஸ்ஸி பெம்லி தொடங்கி வைத்தது, இன்னும் நடக்கிறது. ஒரு சனிக்கிழமை, ஒரு பெண் வீட்டுப்பாடத்தைத் தாளில் பென்சிலால் எழுதிக் காட்டினாள். நாலு டேபிள், அவற்றை இணைக்கும் மூன்று ஜாயின், எல்லாம் சரி. கம்ப்யூட்டரில் ஏன் போடவில்லை என்று கேட்டேன். "லேப்டாப் தம்பியோட முறை சார், எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான்" என்றாள். என் வீட்டில் அன்று மூன்று பழைய லேப்டாப் சும்மா கிடந்தன.

க்யூஏ பெண்

என்னுடையது சின்னது. முகத்தைப் பார்த்து லாகின் ஆகும் ஒரு வசதியை டெஸ்ட் செய்துகொண்டிருந்தோம். நாங்கள் எல்லோரும் உட்கார்ந்தோம், திறந்தது. என் கறுப்பினச் சகா வந்து உட்கார்ந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை, அவரே ஃபோன் டார்ச்சை எடுத்துத் தன் முகத்தில் அடித்துக்கொண்டார். பழக்கப்பட்ட கை. அதுதான் என்னை உறுத்துகிறது. பக் ரிப்போர்ட்டில் 'வெளிச்சம் குறைவு' என்று எழுதினேன். அறையில் வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை.

2018ல் ஆய்வாளர்கள் ஜாய் புவோலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் வெளியிட்ட ஆய்வை அவர்தான் பிறகு அனுப்பினார். முகத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்திருக்கிறார்கள். கறுத்த நிறப் பெண்களிடம் பிழை 34.7 சதவீதம் வரை போயிருக்கிறது. வெளுத்த நிற ஆண்களிடம் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அதே கெப்ருதான் ரெடியட் அபேபேயோடு சேர்ந்து 2017ல் ஏஐ துறையில் இருக்கும் கறுப்பினத்தவருக்காக பிளாக் இன் ஏஐ என்ற அமைப்பைத் தொடங்கியவர். அந்த ரிப்போர்ட்டைத் திருத்தி எழுதிவிட்டேன், ஆனால் இரண்டு வாரம் கழித்து.

டல்லாஸ் அப்பா

ஃபில்லிக்காரன் சொன்னது பாதிதான், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆள் பழக்கம் இல்லாததால் மட்டும் வேலை கிடைக்கவில்லை என்று எழுதினால், நம் பங்கு மறைந்துபோகிறது. நான் இருந்த ஒரு இன்டர்வியூ பேனலில், ஒரு கறுப்பின இளைஞர் கோடிங் கேள்வியை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார். எங்களில் ஒருவர் இன்னொரு கேள்வி கொடுத்தார், அதையும் முடித்தார். மூன்றாவதாக ஒன்று கொடுத்தார்கள். அன்று வந்த வேறு யாருக்கும் மூன்றாவது கேள்வி இல்லை. அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். வேலை அவருக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று. தனியாக அமைப்பு எதற்கு என்று இங்கே முன்பு சிலர் கேட்டிருந்தீர்கள். 1975ல் ஏர்ல் பேஸும் டேவிட் விம்பர்லியும் உங்கள் ஃபிலடெல்ஃபியாவில்தான் பிடிபிஏவைத் தொடங்கினார்கள், தங்கள் ஆட்கள் மேனேஜர் நாற்காலிக்கு ஏறவே முடியாமல் இருந்த காலத்தில். நமக்கெல்லாம் கதவு திறந்த 1965 குடியேற்றச் சட்டமே இவர்களுடைய உரிமைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தபோது வந்ததுதான். நாம் கேட்கிற கேள்வியா அது?

பழைய டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி)

கறுப்பின ஐடிக்காரர்களின் பெரிய மாநாடான ஆஃப்ரோடெக் ஹூஸ்டனுக்கு வந்த 2024ல் போனேன். லிஃப்டில் ஒருவர் "இங்கே யாருக்கு ஆள் எடுக்க வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். எனக்கே வேலை தேடி வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான் என் கதை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். ரெஸ்யூம் கட்டோடு போகாதீர்கள். அங்கே கம்பெனிகள் போடும் ஸ்டால் அவர்களுக்காகப் போட்டது, அந்த வரிசையில் நாம் போய் நிற்க வேண்டாம். பிடிபிஏவின் உள்ளூர் சாப்டர் (கிளை) இருந்தால் முதலில் அதற்குப் போங்கள், சந்தாவைக் கட்டுங்கள், நாற்காலி எடுத்துப் போடுங்கள். டேட்டாபேஸ், கிளவுட் எது தெரிந்தாலும் மாணவர்களுக்கு மாதம் ஒரு வகுப்பு எடுங்கள், பாதியில் விட்டுவிடாதீர்கள். "எங்களையும் இப்படித்தான் ஒதுக்கினார்கள்" என்று முதல் நாளே ஆரம்பிக்காதீர்கள். அவர்கள் கேட்டால் சொல்லுங்கள். அப்புறம், நம் வீடுகளில் அவர்களைக் குறிக்க ஒரு சொல் வைத்திருக்கிறோமே, அதைக் குழந்தைகள் முன்னால் மட்டுமல்ல, எங்கேயும் சொல்லாதீர்கள். உங்கள் கம்பெனியில் ஆளைச் சிபாரிசு செய்தால் ரெஃபரல் போனஸ் தருவார்கள் என்றால், இந்த வருஷம் ஊர்க்காரருக்கு ஒரு சிபாரிசு போட்டால் அந்த சாப்டரில் பார்த்த ஒருவருக்கும் ஒன்று போடுங்கள். பேனலில் உட்கார்ந்தால் எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள் வேண்டும் என்று முன்கூட்டியே மெயிலில் எழுதிவிடுங்கள். டல்லாஸ் அண்ணே, இது உங்களைச் சொல்லவில்லை.

ஃபில்லிக்காரன்

டல்லாஸ் அண்ணே சொன்னது சரி, நான் ஒத்துக்கொள்கிறேன். அந்த அம்மாவிடம் கோபோல் படிக்கும் பையன் ஒருவனின் ரெஸ்யூமை நேற்று எங்கள் மேனேஜரிடம் கொடுத்தேன். இன்னும் பதில் இல்லை. உங்கள் பக்கம் மெயின்ஃபிரேமில் ஜூனியர் இடம் இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், அவன் ஃபில்லியை விட்டு வரவும் தயார்.