வெர்மீரோட மில்க்மெய்ட் காப்பி பண்றேன், பின்னாடி செவுரு தட்டையா வருது, உதவுங்க

கேள்வி:
வேலைக்காரப் பொண்ணு பால் ஊத்துற அந்த டச்சு ஓவியம்தான், ஆயில் பெயிண்ட்ல பண்றேன். பொண்ணு, ரொட்டி, கூடை எல்லாம் ஓரளவு வந்துடுச்சு, அந்த வெள்ளை செவுருதான் படுத்துது. டைட்டானியம் ஒயிட்ல ஐவரி பிளாக் கலந்து, ஜன்னல் பக்கம் வெளிச்சமா ஆரம்பிச்சு வலது பக்கம் போகப்போக இருட்டாக்கினேன், வெளிச்சம் இடது ஜன்னல்லேர்ந்துதானே வருது? ஆனா பொண்ணு அட்டையில வெட்டி ஒட்டின மாதிரி நிக்குறா, நிழலெல்லாம் சிமெண்ட் கலர்.

பதில் 1:
ஒரிஜினல்ல செவுரு அப்படியே உல்டாங்க. ஜன்னலுக்குக் கீழ, மூலையிலதான் இருட்டு, வலது பக்கம் போகப்போகதான் வெளுக்குது. அவளோட வெளிச்சம் பட்ட பக்கத்துக்குப் பின்னாடி மங்கின செவுரு, நிழல் பக்கத்துக்குப் பின்னாடி பளிச்னு செவுரு, அதனாலதான் ஆள் முன்னாடி வந்து நிக்குறா. முதுகுப் பக்கம் ஓரத்துல மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு கூட வெர்மீர் இழுத்திருக்கார், ஜூம் பண்ணிப் பாருங்க, அது இல்லாம அந்த இடம் நிக்காது.

பதில் 2:
கலருக்கு நான் சொல்றேன். அவர் செவுருக்குப் போட்டது லெட் ஒயிட் (ஈய வெள்ளை), அம்பர் (மண் பழுப்பு), கரித்தூள் கருப்பு. கருப்பு தப்பில்ல, கருப்பு மட்டும் போட்டா செத்துடும், நீங்க ரா அம்பர் சேர்த்து கலரை சூடான சாயலுக்கு (பழுப்பு பக்கம்) கொண்டு வாங்க, சில இடத்துல மட்டும் குளிர்ச்சியா (சாம்பல் பக்கம்) விடுங்க. டைட்டானியம் மத்த கலரை ரொம்ப அமுக்கிடும், கம்மியா எடுங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும்! மேல இருக்குற ஆணி, ஓட்டை, கறை எல்லாம் விட்டுடலாமா? படம் 45 சென்டிமீட்டர் உயரம்தான், அவ்ளோ பொடி வேலை கை வரல.

பதில் 1:
தயவுசெஞ்சு விடாதீங்க. அந்த ஆணிக்கு ஒரு குட்டி நிழல் விழுது பாருங்க, அதை வச்சுதான் அது செவுருன்னே கண்ணு நம்புது. 2022ல இந்தப் படம் இருக்குற ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் ஸ்கேன் பண்ணப்ப தலைக்குப் பின்னாடி ஜாடி மாட்டுற பலகை ஒண்ணு வரைய ஆரம்பிச்சு அப்புறம் மூடிட்டார்னு தெரிஞ்சுது, அதாவது சாமானை எடுத்துட்டு வெறும் செவுத்தையே வச்சுக்கிட்டார், ஆணியை மட்டும் அழிக்காம விட்டு வச்சார். எனக்கு இந்தப் படத்துலயே பிடிச்ச இடம் அது.

கேள்வி கேட்டவர்:
சரி, போட்டுடுறேன். பழைய லேயர் இன்னும் ஈரம், மேலயே அடிக்கவா?

பதில் 2:
வேணாம், கலங்கிடும். விரல்ல ஒட்டாத அளவுக்குக் காயட்டும், டைட்டானியமும் ஐவரி பிளாக்கும் லேட்டாதான் காயும், அம்பர் சீக்கிரம் காஞ்சிடும். அப்புறம் மூலையிலேர்ந்து மெல்லிசா இருட்டு ஏத்துங்க, ஆணி கடைசில.