பொயின்ற்ஸில் விமான ரிக்கெற்: கிளிநொச்சியிலிருந்து எங்கள் அனுபவம்

விமானத்தில் இடம் இருந்தால், கடனட்டையிலும் பறப்பிலும் சேர்த்த பொயின்ற்ஸுக்கும் இடம் கிடைக்கும் என்று நினைத்துத்தான் எங்கள் பக்கத்துச் சனம் தேடத் தொடங்குகிறது. கிடைக்காதபோது, "இவ்வளவு சேர்த்து என்ன பிரயோசனம்" என்று அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் உறவுக்குள்ளும் நடந்ததை எழுதுகிறேன். இனி எடுக்கப் போகிறவர்களுக்கு உதவட்டும்.

அண்ணன் ரொறன்ரோவில் இருக்கிறார். கடனட்டையில் பல வருஷமாகச் சேர்த்த, ஏயர் கனடாவின் ஏரோபிளான் பொயின்ற்ஸில் அம்மாவைக் கூப்பிடுவது என்று முடிவு. விசா வந்த கையோடு அவர் அங்கே கணினியிலும் நான் இங்கே போனிலும் தேடினோம். காசுக்கென்றால் ஆடி மாதம் முழுக்க இடம் இருந்தது. இருக்கை வரைபடத்தைத் திறந்தால் பின்பக்கம் வரிசை வரிசையாக வெறுமை. பொயின்ற்ஸ் என்று மாற்றினால் ஒரு நாள்கூட இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்த அம்மா கேட்டார்: "இவ்வளவு கதிரை சும்மா கிடக்குது, பிறகேன் இல்லையெண்டு சொல்லுறாங்கள்?"

சரியான கேள்வி. ஒவ்வொரு பறப்பிலும் இருக்கைகளை எழுத்து எழுத்தாகப் பிரித்துத்தான் விற்கிறார்கள். ஏயர் கனடாவும் இருக்கிற ஸ்டார் அலையன்ஸ் விமானக் கூட்டணியில், கூட்டாளி நிறுவனத்தின் பொயின்ற்ஸில் வருகிறவருக்குச் சாதாரண வகுப்பில் 'எக்ஸ்' என்ற எழுத்து, பிஸினஸில் 'ஐ'. அந்த எழுத்தில் எத்தனை இடம் திறந்திருக்கிறதோ அத்தனைதான். காசுக்கு எவ்வளவு விற்கும் என்று நிறுவனம் முதலே கணக்குப் போட்டு, விற்காது என்று படுகிற இடத்தை மட்டும் அதற்குள் விடுகிறது. பறப்பு நெருங்க நெருங்க அதைக் கூட்டும், குறைக்கும். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் நின்றாலும் சிறுபோக நெல் விதைப்புக்கு இத்தனை ஏக்கர்தான் என்று கூட்டத்தில் தீர்மானிக்கிறார்களே, அப்படித்தான் இதுவும். ஆடி, ஆவணி, மார்கழியில் வெளிநாட்டுப் பள்ளிக்கூட விடுமுறைச் சனம் காசு கொடுத்தே நிரப்பிவிடும். அந்த மாதங்களில் பொயின்ற்ஸுக்கு எதை விடுவார்கள்?

அம்மாவின் பயணத்தைப் புரட்டாதிக்குத் தள்ளினோம். கிழமை நடுவில், இஸ்தான்புல் வழியாக, இடம் வந்தது. அவருக்கு எந்த மாதம் போனாலும் ஒன்றுதான். பேரப்பிள்ளைகளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பொயின்ற்ஸ் வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு இதைத்தான் அழுத்திச் சொல்வேன். அதை உங்கள் விடுமுறைக்கென்று பொத்தி வைக்காதீர்கள். நாளை மாற்றக்கூடியவர்கள் ஊரில் இருக்கிற தாய் தகப்பன்தான், அவர்களுக்குச் செலவழியுங்கள். விசா பிந்தினாலும் பல திட்டங்களில் ஒரு கட்டணத்தோடு பொயின்ற்ஸைத் திருப்பி எடுக்கலாம். மலிவான காசு ரிக்கெற்றில் அந்த வசதி பெரும்பாலும் இல்லை.

ரிக்கெற் வந்த பிறகு இருக்கை ஒரு தனிப் பாடு. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். நடைபாதைப் பக்கம், கழிவறைக்குக் கிட்ட வேண்டும். பொயின்ற்ஸ் கொடுத்த இடத்தில் கேட்டால் "பறக்கிற நிறுவனத்திடம் கேளுங்கள்" என்கிறார்கள். அங்கே கேட்டால் "வாங்கின இடத்தில் கேளுங்கள்" என்கிறார்கள். இரண்டு பக்கமும் அலைந்த பிறகுதான், கூட்டாளி நிறுவனத்தில் எடுக்கிற ரிக்கெற்றுக்கு இரண்டு பதிவு இலக்கம் இருக்கலாம் என்று தெரிந்தது. பறக்கிற நிறுவனத்தின் ஆறு எழுத்து இலக்கத்தைக் கேட்டு வாங்கி, அவர்களின் தளத்தில் போட்டதும் வரைபடம் திறந்தது. நடைபாதை இருக்கைக்குக் காசு கேட்டார்கள், கட்டினோம். சக்கர நாற்காலி உதவிக்குக் காசில்லை. பொயின்ற்ஸ் ரிக்கெற் என்று கூச்சப்படாமல் முதலே சொல்லி வையுங்கள்.

அடுத்தது அண்ணன் குடும்பம். அப்பாவின் திவசத்துக்கு ஆவணியில் நாலு பேரும் வர வேண்டும். பொயின்ற்ஸ் இடங்கள் பல நிறுவனங்களில் 330 முதல் 360 நாளுக்கு முன்பே திறந்துவிடும். சித்திரையில் தொடங்குகிற பஞ்சாங்கமோ அந்த நேரம் கையில் இருக்காது. கோயில் ஐயரிடம் போய்த் திதியைக் கணித்துத் தரச் சொன்னோம். அவரும் பொறுமையாக எழுதித் தந்தார். முன்னும் பின்னும் சில நாள் விட்டுத் தேடினோம்.

நாலு பேர் என்று போட்டால் எதுவும் வரவில்லை. ஒருவர் என்று போட்டதும் வந்தது, இரண்டு என்றாலும் வந்தது, மூன்றில் மறைந்தது. கேட்கிற அத்தனை பேருக்கும் அந்த எழுத்தில் இடம் இருந்தால்தான் காட்டும். ஆகவே ஒருவர் என்று தொடங்கித்தான் தேட வேண்டும். இரண்டு பேருக்குப் பொயின்ற்ஸ், அதே பறப்பில் இரண்டு பேருக்குக் காசு. தாயோடு ஒரு பிள்ளை, தகப்பனோடு ஒரு பிள்ளை என்று பதிவைப் பிரித்தோம், பிள்ளைகள் தனியே நிற்கக் கூடாது என்பதற்காக. முக்கியம்: ஒரு பதிவில் மற்றதன் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். பறப்பு மாறினால் ஒரு சோடியை வேறு விமானத்துக்கு மாற்றிவிடக்கூடும்.

மெல்பேர்னில் மகன் இருக்கிற ஓர் அயலவரின் கதையும் இருக்கிறது. அவர்களுடையது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிறிஸ்ஃபிளையர் திட்டம். அதில் நினைத்த ஆளுக்கெல்லாம் எடுத்துக் கொடுக்க முடியாது. ஐந்து பேரைப் பெயர் குறித்து வைக்கலாம், அந்தப் பட்டியலில் தாயின் பெயர் இருக்க வேண்டும். அங்கே பொயின்ற்ஸை மைல்ஸ் என்பார்கள், அது மூன்று வருஷத்தில் காலாவதி. காத்திருப்புப் பட்டியல் இருப்பது நல்ல விஷயம், அவர்களுக்கு அதில்தான் கிடைத்தது.

லண்டன்காரர்களுக்கு ஒரு சொல். அங்கிருந்து புறப்படுகிற ரிக்கெற்றுக்குப் பிரித்தானிய அரசின் பயணி வரி பொயின்ற்ஸோடும் சேர்த்துக் கட்ட வேண்டும். சில திட்டங்கள் அதற்கு மேல் எரிபொருள் கட்டணமும் போடும். இலவசம் என்று நினைத்துப் போய், கடைசித் திரையில் தொகையைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஸ்ரீலங்கன் விமான நிறுவனம் 2014 முதல் வன்வேர்ல்ட் என்ற இன்னொரு விமானக் கூட்டணியில் இருக்கிறது. லண்டன்–கொழும்பு நேரடிப் பறப்பில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் பொயின்ற்ஸான ஏவியோஸ் வைத்து இடம் எடுத்தவர்கள் யாராவது இருந்தால், எந்த மாதத்தில், எவ்வளவு முன்னதாகக் கிடைத்தது என்று எழுதுங்கள். மல்லாவியில் ஒரு மாமி வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த கையோடு மகளிடம் போக நிற்கிறார். விமானம் மாறி ஏறப் பயப்படுகிறார், நேரடிப் பறப்புத்தான் வேண்டுமாம்.