மறு: ஈக்விட்டபிள் மார்ட்கேஜ் – ‘நியாய அடமானம்’ சரியா?

குழுவினருக்கு வணக்கம். சென்னையில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் வங்கிச் சட்டப் பிரிவில் ஜூனியராகச் சேர்ந்திருக்கிறேன். வீட்டுக் கடன் வாங்குவோருக்குத் தமிழில் ஒரு விளக்கத் தாள் எழுதச் சொல்லியிருக்கிறார் சீனியர். சொத்தின் ஆவணங்களை வங்கியிடம் கொடுத்துக் கடன் வாங்கும் ஈக்விட்டபிள் மார்ட்கேஜ் வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. ‘நியாய அடமானம்’, ‘சமநீதி அடமானம்’ இரண்டில் எது பொருந்தும்?

---

> நியாய அடமானம், சமநீதி அடமானம்

தம்பி, இரண்டும் வேண்டாம். “அப்போ மத்ததெல்லாம் அநியாய அடமானமா சார்?” என்று கடன் வாங்க வந்தவர் கேட்பார். அது கிடக்கட்டும், சட்டப்படியே அந்த அடைமொழி நமக்கு ஒட்டாது. இங்கிலாந்தில் வழக்கச் சட்டமான காமன் லாவுக்கு ஒரு நீதிமன்றம், நியாயம் பார்த்துத் தீர்க்கும் ஈக்விட்டிக்கு ஒரு நீதிமன்றம் என்று இருந்த காலம். முறைப்படி அடமானப் பத்திரம் எழுதாமல், சொத்தின் ஆவணங்களை மட்டும் கொடுத்துக் கடன் வாங்கியதை 1783-இல் ரஸ்ஸல் எதிர் ரஸ்ஸல் வழக்கில் ஈக்விட்டி நீதிமன்றம் அடமானமாக ஏற்றது. பெயர் அங்கிருந்து வந்தது. வேடிக்கை என்னவென்றால், 1989-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு அங்கேயே வெறும் ஆவண ஒப்படைப்பால் அடமானம் உண்டாவதில்லை.

நம் 1882 சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 58(எஃப்) பிரிவில் ‘ஈக்விட்டபிள்’ கிடையாது. உரிமை ஆவணங்களை ஒப்படைத்துச் செய்யும் அடமானம் என்றுதான் இருக்கிறது. சாதாரண அடமானத்துக்கு உள்ள விதிகள் இதற்கும் பொருந்தும் என்கிறது 96-ஆம் பிரிவு. ஆக, இது அரை அடமானம் இல்லை, முழுசு.

கிளையில் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம் என்று ஒவ்வொன்றாக மேலாளரின் மேசையில் வைத்து, “இந்தக் கடனுக்கு ஈடாகத் தருகிறேன்” என்கிறார் சொத்துக்காரர். அப்போதே அடமானம் உண்டாகிவிட்டது. கடன், ஒப்படைப்பு, ஈடாக்கும் எண்ணம், இந்த மூன்றும் இருந்தால் போதும் என்று கே.ஜே. நாதன் வழக்கில் 1964-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மறுநாள் தேதி போட்டு எழுதும் மெமோ என்ற தாள், நடந்ததைக் குறித்துவைக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் அதில் ‘நேற்று ஒப்படைத்தேன்’ என்று இருக்கும். ‘இதன் மூலம் ஒப்படைக்கிறேன்’ என்று எழுதிவிட்டால், அடமானத்தை உண்டாக்குவதே அந்தத் தாள்தான் என்றாகிவிடும். பதிவு செய்யாவிட்டால் கோர்ட்டில் நிற்காது. 1950-இல் ராச்பால் மஹராஜ் வழக்கில் ஓடிய வாதமே இதுதான். ஜூனியர்களின் வரைவில் நான் முதலில் தேடுவது அந்த வினைமுற்றைத்தான்.

ஆகவே பெயர் செயலைச் சொல்லட்டும்: ஒப்படைப்பு அடமானம். மெமோவுக்கு ‘ஒப்படைப்புக் குறிப்பு’. ‘பத்திர அடமானம்’ என்றால் கடன் பத்திரங்களை அடகு வைப்பதாகத் தோன்றும். ‘ஆவண வைப்பு’ என்றால் வங்கிக்காரர் காதில் எஃப்.டி. என்றுதான் விழும்.

---

ஐயா சொல்வதில் ‘ஒப்படைப்பு’ சரி. பதிவுத் துறையின் வில்லங்கச் சான்றிலும் ‘உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு’ என்றே வருகிறது. ஆனால் ‘குறிப்பு’ எனக்கு உறுத்துகிறது. தமிழ்நாட்டில் 2012 திருத்தத்துக்குப் பிறகு, இதற்காக எழுதும் உடன்படிக்கையைப் பதிவது கட்டாயம். குறிப்பு என்றால், பதியத் தேவையில்லாத துண்டுச் சீட்டு என்று மக்கள் நினைப்பார்கள். அப்புறம், அடமானத்தை விட ‘ஈடு’ நல்ல சொல் அல்லவா? யாழ்ப்பாணத்தில் இன்றும் காணியை ஈடு வைத்தேன் என்றுதான் சொல்கிறோம்.

---

அம்மா, ஈடு அழகான சொல்தான். ஆனால் ஒரே கடன் ஒப்பந்தத்தில் சரக்கும் ஈடு, இயந்திரமும் ஈடு. வீட்டுக்கும் அதையே வைத்தால் எது எதைக் குறிக்கிறது என்று தெரியாது. பொதுவான செக்யூரிட்டிக்கு அதை விட்டுவிடுவோம். குறிப்பு பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ‘ஒப்படைப்புக் குறிப்பாவணம்’ என்று வைத்துக்கொள்ளலாம். பதிவு கட்டாயம் என்றாலும் வாசகம் இறந்தகாலத்திலேயே இருக்கட்டும். தம்பி தாளில் இன்னொன்றும் சேர்க்க வேண்டும்: சொத்து எந்தக் கிராமத்திலும் இருக்கலாம், ஆவணத்தைக் கொடுக்கும் இடம் மட்டும் சட்டம் சொல்லும் ஊராகவோ அரசிதழில் அறிவித்த ஊராகவோ இருக்க வேண்டும்.

---

நன்றி ஐயா, நன்றி அக்கா. முதல் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

“உங்கள் வீட்டின் மூல ஆவணங்களைக் கடனுக்கு ஈடாக வங்கியிடம் நேரில் கொடுப்பதே ஒப்படைப்பு அடமானம். கொடுத்த விவரத்தை ஒப்படைப்புக் குறிப்பாவணமாக எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். கடன் முழுவதும் தீர்ந்தபின் 30 நாளுக்குள் ஆவணங்கள் உங்களிடம் திரும்ப வர வேண்டும்.”

கடைசி வரி 2023-இல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பதையும் சேர்க்கச் சொல்லி சீனியரிடம் கேட்டிருக்கிறேன். அடமானம் தீர்ந்ததற்குப் பதிவாவது ‘ரசீது’ என்றே வில்லங்கத்தில் வருகிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.