பிகே வைரஸ்: சிறுநீரகம் மாற்றிய 5வது மாதத்தில் கிரியேட்டினின் ஏறுகிறது

கேள்வி (சுங்கை சிப்புட்)
வணக்கம். எங்கள் தோட்டத்தில் ஒருவருக்குச் சிறுநீரகம் மாற்றி 5 மாதம். கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 118லிருந்து 156 µmol/Lக்கு ஏறிவிட்டது. காய்ச்சல், வலி எதுவுமில்லை. இரத்தத்தில் பிகே வைரஸ் ஒரு மில்லிலிட்டருக்கு 18,000 காப்பி (வைரஸ் எண்ணிக்கை). எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரையைக் குறைக்கச் சொல்கிறார்கள். குறைத்தால் உடம்பு சிறுநீரகத்தை ஏற்காமல் போய்விடாதா?

மறுமொழி 1 (சிறுநீரகப் பிரிவுத் தாதி)
பயம் நியாயமானதுதான் ஐயா. ஆனால் பிகே வைரஸை நேரடியாகக் கொல்லும் மருந்து இன்னும் இல்லை. சிஎம்வி என்ற இன்னொரு வைரஸுக்குக் கொடுக்கும் வால்கான்சிக்ளோவிர் இதற்கு வேலை செய்யாது. லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கும் பயன் தரவில்லை என்று 2014இலேயே ஆய்வில் தெரிந்துவிட்டது.

இந்த வைரஸ் சின்ன வயதிலேயே பெரும்பாலானோர் உடம்பில் புகுந்து சிறுநீரகத்தில் சும்மா தங்கியிருக்கும். எதிர்ப்பு சக்தியை மருந்தால் அடக்கியதும் விழித்துக்கொண்டு நுண்குழாய்ச் செல்களை உடைக்கும். அதனால்தான் வெளியே ஒன்றும் தெரியாமல் கிரியேட்டினின் மட்டும் ஏறுகிறது. 10,000 காப்பியைத் தாண்டினால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளைக் குறைப்பதுதான் வழக்கம். பெரும்பாலும் மைக்கோஃபெனோலேட்டைப் பாதியாக்குவார்கள், அல்லது டாக்ரோலிமஸைச் சிறுகச் சிறுக இறக்குவார்கள். கிரியேட்டினின் ஏற்றம் நிராகரிப்பால்தானா (உடம்பு சிறுநீரகத்தை ஏற்காததால்தானா) என்ற சந்தேகம் இருந்தால் சிறுநீரகத்தில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி செய்வார்கள். அதற்கு மறுக்க வேண்டாம், வைரஸுக்கும் நிராகரிப்புக்கும் சிகிச்சை நேரெதிர்.

மறுமொழி 2 (மருந்தாளர்)
அக்கா சொன்னதோடு ஒன்று. மருந்தைக் குறைப்பதே சிகிச்சை என்பதால் டாக்ரோலிமஸ் இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தே ஆகணும். இரவு 8 மணிக்கு மாத்திரை என்றால் காலை 8க்கு இரத்தம் எடுக்கணும், அதற்குப் பிறகே காலை மாத்திரை. ஈப்போவுக்கு விடியற்காலையில் பஸ் ஏறும் பலர் வீட்டிலேயே விழுங்கிவிட்டுப் போகிறார்கள். அப்போது இரத்தத்தில் மருந்தின் அளவு பொய்யாகக் கூடுதலாகத் தெரியும், டாக்டர் தேவைக்கு மேல் குறைத்துவிடுவார். நிராகரிப்பு வருவது அப்படித்தான். மாத்திரையைப் பையில் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

வயிற்றுப்போக்கு இருந்தாலும் அளவு ஏறும், அதையும் டாக்டரிடம் சொல்லணும்.

கேள்வி கேட்டவர்
நன்றி. தம்புன் பம்பளிமாஸ் வாரம் ஒன்றாவது சாப்பிடுகிறார். பரவாயில்லையா?

மறுமொழி 2
வேண்டாம் ஐயா, அடியோடு நிறுத்தச் சொல்லுங்கள். அது குடலில் டாக்ரோலிமஸைச் சிதைக்கும் என்சைமை அடக்கி அளவை ஏற்றிவிடும். கிரேப்ஃப்ரூட்டும் வேண்டாம். மற்ற பெரும்பாலான பழங்களைக் கழுவித் தோல் சீவிச் சாப்பிடலாம். சாப்பிட்டதை மறைக்காமல் கிளினிக்கில் சொல்லட்டும், நிறுத்திய பிறகு அளவு இறங்கும், அதைப் பார்த்துத்தான் அடுத்த டோஸ்.

மறுமொழி 1
குறைத்ததும் 2 வாரத்துக்கு ஒரு தடவை வைரஸ் எண்ணிக்கையும் கிரியேட்டினினும் பார்க்கணும். வைரஸ் இறங்கப் பல வாரம், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். இறங்கவில்லை என்று அவராகவே இன்னொரு மாத்திரையை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.