ஏசி30 கிளாஸ் ஏ-வா? மீதி 6 வாட்டுக்குக் கணக்கு சொல்லுங்கள்

ஓம்விதி:
"கேத்தோடு பயாஸ் இருந்தாலே கிளாஸ் ஏ. வாக்ஸ் ஏசி30 கிட்டார் ஆம்ப் அதற்குச் சாட்சி" என்று பழையரேடியோ வேறொரு இழையில் எழுதியிருக்கிறார். அதற்கு ஆளாளுக்கு லைக் வேறு. எரிச்சலாக இருக்கிறது. கேத்தோடு பயாஸ் என்பது, வால்வின் (பெருக்கும் கண்ணாடிக் குழாய்) கேத்தோடு முனையில் ஒரு ரெசிஸ்டர் வைத்து அதில் ஓடும் மின்னோட்டத்தை அமைப்பது. கிளாஸ் ஏ என்பது ஆம்ப் ஓடும் முறைகளில் ஒன்று. இரண்டும் ஒன்றல்ல. ஏசி30-இல் இருக்கும் இஎல்84 வால்வின் பிளேட் (மின்னோட்டம் வந்து சேரும் தகடு) தாங்கும் சூடு 12 வாட். நான்குக்கு 48. கிளாஸ் ஏ-யில் ஏட்டுக் கணக்குப்படியே அதில் பாதிதான் வெளியே வரும்: 24. ஏசி30 தருவது 30. மீதி 6 வாட் எங்கிருந்து வந்தது?

பழையரேடியோ:
கணக்கு வாத்தியாருக்கு வணக்கம். 12 வாட் என்பது தாளில் உள்ள எல்லை. ஏசி30-இல் நான்கு வால்வுக்கும் சேர்த்து ஒரே 50 ஓம் ரெசிஸ்டர். அவ்வளவு சிறியது என்பதால் மின்னோட்டம் அதிகம், வால்வுகள் எல்லையைத் தாண்டித்தான் ஓடுகின்றன. வாசிக்காமல் சும்மா வைத்தாலே கொதிக்கிறது. அது கிளாஸ் ஏ இல்லாமல் வேறென்ன?

ஓம்விதி:
சூட்டை வைத்தா கிளாஸ் சொல்வார்கள்? பிலிப்ஸ் போட்ட இஎல்84 டேட்டாஷீட்டைத் திறந்து பாருங்கள். புஷ்-புல் ஜோடி (அலையை மாறி மாறித் தள்ளும் இரண்டு வால்வு), 300 வோல்ட், 130 ஓம் கேத்தோடு ரெசிஸ்டர், 17 வாட். சிக்னல் இல்லாதபோது வால்வுக்கு 36 மில்லி ஆம்பியர், முழு சத்தத்தில் 46. மேலே தலைப்பு கிளாஸ் ஏபி. கேத்தோடு பயாஸ், ஆனாலும் ஏபி! இரண்டு ஜோடி போட்டால் 34 வாட். அந்த 6 வாட் அங்கேதான் இருக்கிறது.

கண்ணாடிக்குழல்:
அலையின் முழுச் சுற்றிலும் ஒவ்வொரு வால்விலும் மின்னோட்டம் ஓடினால் ஏ. கொஞ்ச நேரம் அறுந்தால் ஏபி. மெதுவாக வாசித்தால் ஏபி ஆம்ப்பும் ஏ போலத்தான் ஓடும். இதை யாராவது பேசலாமே?

பழையரேடியோ:
வரையறை இருக்கட்டும். நான் சொன்ன 50 ஓம் ரெசிஸ்டருக்கு விளக்கம் எங்கே? அப்புறம், போன வருடம் ஓம்விதி பேச்சைக் கேட்டு பயாஸ் மாற்றினேன், என் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் புகைந்தது. அதற்கும் பதில் வேண்டும்.

ஓம்விதி:
பொருந்தாத வால்வுகளை ஜோடி சேர்த்தது நீங்கள். மூன்று முறை எச்சரித்தேன், இழை அப்படியே இருக்கிறது. 50 ஓமா? மின்னோட்டத்தை அளக்க வால்வுக்கு ஒரு 1 ஓம் ரெசிஸ்டர் போட்டு ஆசிலோஸ்கோப்பில் (அலையைத் திரையில் காட்டும் கருவி) நானே பார்த்தேன். முழு சத்தத்தில் ஒவ்வொரு பக்கமும் கொஞ்ச நேரம் பூஜ்யத்தைத் தொடுகிறது. சந்தேகமே இல்லாத கிளாஸ் ஏ வேண்டுமா? ஃபெண்டர் சாம்ப் ஆம்ப். ஒரே ஒரு 6வி6 வால்வு, சுமார் 5 வாட்.

ஈயப்பற்று:
5 வாட்டில் டிரம்மர் பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டுங்கள். ஏசி30-இன் இனிமை கிளாஸால் வருவதில்லை, நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியீட்டில் கொஞ்சத்தை எதிர்த்திசையில் திருப்பி உள்ளே விடுவது) இல்லாததால் வருவது.

ஓம்விதி:
இனிமையைப் பற்றி இங்கே யார் கேட்டார்கள்? 6 வாட்.

பழையரேடியோ:
இவர் ஆசிலோஸ்கோப்பை இவரே மெச்சிக்கொள்ளட்டும். என் காது சொல்வது கிளாஸ் ஏ. 50 ஓம்.

ஓம்விதி:
உங்கள் காதில் மில்லி ஆம்பியர் கேட்கிறதா? ஆசிலோஸ்கோப் திரையில் வந்த ட்ரேஸ் படத்தை இன்று இரவே போடுகிறேன்.

பழையரேடியோ:
போடுங்கள். வால்வுகளை எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தீர்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.