புதுப்பிப்பு: அப்பாவின் மரபணுப் பரிசோதனை முடிவு

இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோகிரெல் மாத்திரை சரியாக வேலை செய்யுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடிவு வந்துவிட்டது. சிஒய்பி2சி19 மரபணுவின் இரண்டு பிரதிகளுமே செயலற்றவை. அறிக்கையில் *2/*2 என்று இருக்கிறது; *2 என்பது செயலற்ற வகையின் குறியீடு. இந்த மரபணு உருவாக்கும் நொதி கல்லீரலில் மாற்றினால்தான் இந்த மாத்திரை, ரத்தத் தட்டணுக்கள் ஒட்டி உறைவதைத் தடுக்கும். அப்பாவுக்கு அந்த மாற்றம் மிகக் குறைவாகவே நடக்கும். இப்படிப்பட்டவர்களுக்கு இது சரியாக வேலை செய்யாது என்று அமெரிக்காவில் 2010இலேயே மருந்தின் விவரக்குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கை சேர்த்துவிட்டார்கள். தெற்காசியரிடம் இந்த மாறுபாடு அதிகம். இருந்தும் நாமாகக் கேட்டால்தான் பரிசோதனை என்பது எனக்கு ஆறவே இல்லை.

இதய மருத்துவர், அந்த நொதி தேவைப்படாத டைகாக்ரெலர் மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார்: காலை ஒன்று, இரவு ஒன்று. ஆஸ்பிரின் தொடர்கிறது. மூச்சு வாங்கினால் உடனே அழைக்கச் சொன்னார்.

குளோபிடோகிரெல் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்டில் ரத்தம் உறைந்துவிடலாம். மருத்துவரிடம் கேளுங்கள்.