வன்னிக் குளமும் காடும்: கதை சேர்க்க உதவி வேண்டும்

வணக்கம் உறவுகளே. வட இலங்கையின் வன்னியில் காட்டையும் குளத்தையும் நம்பி வாழ்ந்தவர்களின் அறிவைக் கதைகளாகத் தொகுத்து நூலாக்க முயல்கிறோம். துருசு (குளத்து மதகு) திறக்கும் நாளை எப்படித் தீர்மானித்தார்கள், அலைகரை (குளத்தில் நீர் வந்து மோதும் கரை) மரங்களை ஏன் வெட்டவிடவில்லை, மொட்டைக்கறுப்பன் நெல்லுக்கு எந்த நிலம் ஏற்றது, தேன் எடுப்பவர் கூட்டில் எவ்வளவு விட்டுவைப்பார்... இதெல்லாம் வயதானவர்களின் நினைவில்தான் இருக்கிறது. இடப்பெயர்வில் எழுதிவைத்த கொஞ்சமும் போய்விட்டது.

கமக்காரர் (விவசாயிகள்) மட்டும் போதாது. நந்திக்கடலில் இறால் பிடிப்பவர்கள், 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், 1990இல் வெளியேற்றப்பட்டுத் திரும்பிய முஸ்லிம்கள், முக்கியமாகப் பெண்கள், எல்லோருடைய குரலும் வேண்டும்.

ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கம் பெரியவர்களோடு ஆறுதலாக இருந்து கதைத்து ஒலிப்பதிவு செய்யக்கூடியவர்கள் இருக்கிறீர்களா? அவர்களின் பேச்சை மாற்றாமல் தட்டச்சு செய்யவும் ஆட்கள் தேவை. சொன்னவரின் சம்மதம் இல்லாமல் எதையும் அச்சிட மாட்டோம். தேன், மூலிகை கிடைக்கும் இடங்களை வெளியிடவே மாட்டோம். முடிந்தவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள்.